கண்ணுக்குள் ஒரு கரிய மச்சம்: அதை அறிய ஏன் நான்கு படங்கள் தேவைப்படுகின்றன?

நீங்கள் கேட்டிருப்பது இது. சர்க்கரை நோய்க்காக ஆண்டுதோறும் செய்யும் விழித்திரைப் பரிசோதனையின்போது, 58 வயதான உங்கள் அம்மாவின் வலது கண்ணில், விழித்திரைக்குப் பின்னால் மச்சம் போன்ற ஒரு கரிய திட்டை மருத்துவர் பார்த்திருக்கிறார். அது சாதாரண மச்சமா, புற்றுக்கட்டியின் தொடக்கமா என்று அறிவதற்காக வண்ணப் படம், ஓசிடி, ஆட்டோஃப்ளூரசென்ஸ், பி-ஸ்கேன் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதாதா, சிறிது சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா, இத்தனை ஸ்கேனும் உண்மையிலேயே வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டும். விழித்திரைப் படப்பிரிவில் நீண்ட காலம் வேலை செய்திருப்பவன் என்ற முறையில் அதற்கான காரணத்தை விளக்குகிறேன். உங்கள் அம்மாவைப் பரிசோதித்த மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள உதவினால் போதும்.

முதலில் அச்சத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விழித்திரைக்கும் கண்ணின் வெள்ளைச் சுவருக்கும் நடுவே கோராய்டு என்னும் இரத்தக்குழாய்ப் படலம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் அங்கும் உண்டு. அவை ஓரிடத்தில் திரண்டால் தோலில் மச்சம் வருவதுபோல அங்கேயும் மச்சம் வருகிறது. அதை நீவஸ் என்கிறார்கள். அதே செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகினால் அது மெலனோமா என்னும் புற்றுக்கட்டி. அமெரிக்கப் பதிவேடுகளின்படி வெள்ளையரிடையே ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 6 பேருக்குக் கோராய்டு உள்ளிட்ட கண்ணின் நடுப்படலத்தில் மெலனோமா வருகிறது. ஆசிய வம்சாவளியினரிடையே அந்த எண்ணிக்கை 1-க்கும் கீழே. வெள்ளையரிடையேகூட ஒரு நீவஸ் ஓராண்டில் மெலனோமாவாக மாறும் வாய்ப்பு ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒன்றுதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே உங்கள் அம்மாவின் கண்ணில் இருப்பது வெறும் மச்சமாகவே இருக்க வாய்ப்பு மிக அதிகம். ஆனாலும் அரிதாக வரும் அந்த ஒன்று உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால்தான் இந்தக் கவனம்.

பெரிய கட்டியைக் கண்டறிவதில் சிக்கல் அதிகம் இல்லை. அமெரிக்காவில் 1980-களின் நடுவில் தொடங்கிய கோம்ஸ் என்னும் கூட்டு ஆய்வில், மெலனோமா என்று முடிவுசெய்து அகற்றப்பட்ட கண்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்டவற்றில் மருத்துவரின் முடிவு சரியாகவே இருந்தது. அவை நடுத்தரக் கட்டிகளும் பெரிய கட்டிகளும். உயரம் 3 மி.மீ.க்கும் குறைவான சிறு கட்டிகளில் அந்த உறுதி கிடைப்பதில்லை, ஏனெனில் அந்த அளவில் ஒரு பெரிய மச்சமும் ஒரு சிறிய மெலனோமாவும் வெறும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. அதே கோம்ஸ் குழு, சிறிய மெலனோமாவாக இருக்கலாம் என்று கருதப்பட்ட 204 பேரைச் சிகிச்சை எதுவும் இன்றிக் கவனித்துவந்தது; அவர்களில் 2 ஆண்டுகளில் 21 சதவீதத்தினருக்கும் 5 ஆண்டுகளில் 31 சதவீதத்தினருக்கும் கட்டி வளர்ந்தது. அனுபவம் மிக்கவர்கள் சந்தேகப்பட்டவற்றிலேயே பெரும்பாலானவை ஐந்தாண்டுகள் அசையாமல் இருந்திருக்கின்றன. ஒரு நாள், ஒரு படம் என்று பார்த்து முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஒவ்வொரு கருவியும் அந்தத் திட்டின் சில பண்புகளை மட்டுமே நம்பகமாகக் காட்டுகிறது. மற்றவற்றில் அது ஒன்று பார்வையற்றது அல்லது தவறாகக் காட்டக்கூடியது. அதனால் ஒன்று காணாததை மற்றொன்றைக் கொண்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து எடுக்கும் வண்ணப் படம் எல்லாவற்றிலும் எளியது. திட்டின் அகலம், எல்லை, நிறம் ஆகியவை அதில் பதிவாகின்றன. பார்வை நரம்பின் வட்டம் ஏறத்தாழ 1.5 மி.மீ. அகலம் உடையது, அதையே அளவுகோலாக வைத்து, திட்டு 5 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று கணக்கிடலாம். மேற்பரப்பில் ட்ரூசன் என்னும் வெளிர்மஞ்சள் புள்ளிகள் இருந்தால் அது நல்ல செய்தி: நெடுங்காலமாக அசையாமல் கிடக்கும் மச்சத்தின் மேல்தான் அவை பொதுவாகச் சேர்கின்றன. ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரே படத்தில் விழித்திரையின் பெரும்பகுதியைக் காட்டும் அகலப்புலக் கருவிகளில் சில, சிவப்பு, பச்சை என இரு லேசர் கதிர்களை மட்டும் வைத்து நிறத்தை உருவாக்குகின்றன. அவற்றில் தெரியும் நிறம் கண்ணில் இருக்கும் நிறம் அன்று, ஓரங்களில் அளவும் சற்று நீண்டு தெரியும். அப்படிப்பட்ட படத்தை மட்டும் வைத்து ‘நிறம் மாறியிருக்கிறது, அளவு கூடியிருக்கிறது’ என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. அதே கருவியில் எடுத்த பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

வண்ணப் படத்தால் உயரத்தைக் காட்ட முடியாது. அதற்குத்தான் பி-ஸ்கேன், அதாவது கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட். மூடிய இமையின் மேல் ஜெல் தடவி, திட்டு இருக்கும் திசைக்கு எதிர்ப்புறத்தில் புரோப் என்னும் கருவிமுனையை வைத்து, ஒலி அலை கட்டியின் மேல் நேர்க்குத்தாக விழும் கோணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கோணம் சிறிது சாய்ந்தாலும் கட்டி இருப்பதைவிட உயரமாகத் தெரியும். எடுப்பவரின் கைப்பழக்கம் இந்த அளவுக்கு முடிவைப் பாதிக்கும் பரிசோதனை கண் மருத்துவத்தில் குறைவு. உயரத்தோடு இன்னொன்றையும் அல்ட்ராசவுண்ட் காட்டுகிறது: கட்டியின் உள்ளே ஒலி எப்படித் திரும்புகிறது என்பதை. மெலனோமாவில் செல்கள் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் அடுக்கப்பட்டிருப்பதால் எதிரொலி குறைவாகவே வரும். திரையில் அது உள்ளீடற்றதுபோல இருண்டு தெரியும். நீவஸ் பெரும்பாலும் அப்படி இருண்டு தெரிவதில்லை. விழித்திரையை முற்றிலும் மறைக்கும் கண்புரையோ உள்ளே இரத்தக்கசிவோ இருந்தாலும் இந்த ஒரு கருவி வேலை செய்யும். ஆனால் உயரம் 1 மி.மீ.க்குக் கீழே போனால் அதன் நுணுக்கம் போதாது.

அங்கே ஓசிடி கைகொடுக்கிறது. இது ஒலிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பிவரும் ஒளியின் குறுக்கீட்டைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டை ஒரு சில மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் வரைகிறது. 1991-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் ஹுவாங்கும் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவும் சக ஆய்வாளர்களும் இந்த முறையை வெளியிட்டார்கள். 2008-இல் ரிச்சர்ட் ஸ்பைட் குழுவினர், குவியத்தை ஆழத்துக்கு மாற்றிக் கோராய்டையும் தெளிவாகக் காணும் வழியைக் காட்டினார்கள். சிறு கட்டிகளைப் பொறுத்தவரை ஓசிடி தரும் மிக முக்கியமான செய்தி, கட்டியின் மேல் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதா என்பது. ஒரு முடி அளவு நீரைக்கூட அது காட்டிவிடும். எவ்வளவு தேர்ந்த கண்ணாலும் லென்ஸ் வழியே அதைப் பார்க்க முடியாது. அந்த நீர் புதிதாகச் சேர்ந்ததாக இருந்தால், ஒளியுணர் செல்களின் நுனிகள் ஒழுங்கற்று நீண்டு தொங்குவதும் தெரியும். பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையில் கேரல் ஷீல்ட்ஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சிறிய மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் இந்த அடையாளம் இருந்தது. நீவஸ்களில் ஒன்றில்கூட இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நோயாளிகளின் குடும்பத்தார் இதைத் தெரிந்துகொண்டால் வீண் பதற்றம் நிறையக் குறையும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அந்தச் சிறிய மெலனோமாக்களின் சராசரி உயரம் அல்ட்ராசவுண்டில் 2.3 மி.மீ.; அதே கட்டிகள் ஓசிடியில் சுமார் 1 மி.மீ. தான். அல்ட்ராசவுண்ட் மேலே உள்ள விழித்திரையையும், நீரையும், சில வேளை கீழே உள்ள வெள்ளைச் சுவரின் ஒரு பகுதியையும் சேர்த்தே அளந்துவிடுகிறது. சிறு கட்டியில் அந்தச் சேர்க்கையே கட்டியின் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஓர் அறிக்கையில் 1.1 என்றும் ஆறு மாதம் கழித்து வேறோர் இடத்தில் எடுத்த அறிக்கையில் 2.1 என்றும் பார்த்தால், கட்டி இரட்டிப்பாகிவிட்டது என்று எண்ணித் துடிக்க வேண்டாம். இரண்டும் எந்தக் கருவியில் எடுக்கப்பட்டவை என்று முதலில் பாருங்கள். ஆபத்துக்கான எல்லையாகச் சொல்லப்படும் 2 மி.மீ. என்பது அல்ட்ராசவுண்ட் அளவு. ஓசிடி அளவை அந்த எல்லையோடு ஒப்பிட்டு நிம்மதி அடைவதும் தவறுதான்.

ஓசிடிக்கும் குறை உண்டு. கருமையான நிறமி ஒளியை விழுங்கிவிடுவதால், தடித்த கட்டியின் அடிப்பக்கம் நிழலில் மறைந்துபோகிறது. விழியின் ஓரங்களில் இருக்கும் திட்டுகளை எட்டுவதும் கடினம். ஐரிஸ் என்னும் கருவிழிப் படலத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கட்டிகளை இவை எதுவும் காட்டாது. அவற்றுக்கு யூபிஎம் என்னும் உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட் தனியாக வேண்டும்.

நான்காவது, ஆட்டோஃப்ளூரசென்ஸ். எந்தச் சாயமும் ஊசி வழியாகச் செலுத்தப்படுவதில்லை; குறிப்பிட்ட அலைநீள ஒளியைப் பாய்ச்சினால், லிப்போஃபஸ்சின் என்னும் கழிவுப்பொருள் தானாகவே ஒளிர்கிறது. செயல்பாடு மிகுந்த கட்டியின் மேல் இந்தப் பொருள் செம்மஞ்சள் நிறத் திட்டுகளாகப் படியும். வண்ணப் படத்தில் பழுப்புப் பின்னணியில் அதைப் பிரித்தறிவது எளிதன்று. ஆட்டோஃப்ளூரசென்ஸில் இருண்ட பின்னணியில் பளிச்சென்று தெரியும்.

இப்போது இவற்றை இணைப்பதற்கு வருகிறேன். 2019-இல் ஷீல்ட்ஸ் குழுவினர், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீவஸ்களின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து, எந்த அடையாளங்கள் இருந்தவை பின்னாளில் மெலனோமாவாக மாறின என்று கணக்கிட்டார்கள். அல்ட்ராசவுண்டில் 2 மி.மீ.க்கு மேல் உயரம், ஓசிடியில் நீர், பார்வை 6/15 (நல்ல கண் 15 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது) அல்லது அதற்கும் கீழே குறைந்திருத்தல், ஆட்டோஃப்ளூரசென்ஸில் செம்மஞ்சள் நிறமி, அல்ட்ராசவுண்டில் உள்ளீடற்ற தோற்றம், வண்ணப் படத்தில் 5 மி.மீ.க்கு மேல் அகலம் ஆகிய ஆறும் தேறின. உங்கள் மருத்துவர் எழுதிய நான்கு பரிசோதனைகளும் இதில் எங்கே வந்து பொருந்துகின்றன என்று பாருங்கள். ஒன்றை விட்டாலும் ஏதாவது ஓர் அடையாளம் தெரியாமலே போய்விடும். இவற்றில் எதுவுமே இல்லாத நீவஸ் 5 ஆண்டுகளில் மெலனோமாவாக வளரும் வாய்ப்பு 1 சதவீதம். ஒன்று இருந்தால் 11, இரண்டு இருந்தால் 22, மூன்று இருந்தால் 34, நான்கு இருந்தால் 51 சதவீதம் என்று வந்தது. தனித்தனியே எந்த அடையாளமும் மெலனோமா என்று நிரூபிப்பதில்லை. பல கருவிகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் சந்தேகம் கனக்கிறது.

இந்தச் சதவீதங்களை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. வில்ஸ் மருத்துவமனை உலகெங்கிலுமிருந்து சந்தேகத்துக்குரியவர்களை அனுப்பிவைக்கும் இடம். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அடையாளங்கள் எல்லோருக்கும் பொருந்தும். எண்களைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கருவிகளும் இல்லாத மருத்துவமனைகளையும் கருத்தில் கொண்டு, கண் புற்றுநோய் மருத்துவர் பெர்டில் டமாட்டோ வகுத்த மோல்ஸ் என்னும் எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. காளான் வடிவம், செம்மஞ்சள் நிறமி, பேரளவு, வளர்ச்சி, நீர் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தந்து, கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கண் புற்றுநோய் நிபுணரிடம் உடனே அனுப்பச் சொல்கிறது அது.

நம் நாட்டில் இன்னொரு காரணத்துக்காகவும் இந்த இணைப்பு முக்கியம். காசநோய்க் கிருமி கோராய்டில் உண்டாக்கும் கழலை, பார்ப்பதற்குக் கட்டியைப் போலவே இருக்கும். அதை ஓசிடியில் பார்த்தால், கழலைக்கு நேர்மேலே விழித்திரை அதோடு ஒட்டிக்கொண்டும் சுற்றிலும் நீரால் தூக்கப்பட்டும் தெரியும். இந்த ஒட்டுக் குறியைத் திருச்சியைச் சேர்ந்த மருத்துவர்கள் 2006-இல் எழுதினார்கள். காசநோய் மருந்தால் கரையக்கூடிய ஒன்றைப் புற்றுநோய் என்று எண்ணிக் கதிர்வீச்சு கொடுத்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. இரத்தக்குழாய்க் கட்டியான ஹெமாஞ்சியோமா, மெலனோமாவுக்கு நேர்மாறாக, அல்ட்ராசவுண்டில் உள்ளே பிரகாசமாக எதிரொலிக்கும். மார்பகத்திலோ நுரையீரலிலோ தொடங்கிக் கண்ணுக்குப் பரவிய புற்றுக்கு ஓசிடியில் மேடுபள்ளமான மேற்பரப்பு இருக்கும். அம்மாவுக்கு முன்பு காசநோயோ வேறு புற்றுநோயோ இருந்திருந்தால், கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டீர்கள். கட்டி கண்ணின் சுவரைத் தாண்டி வெளியே போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கும், பெரிய கட்டிக்குக் கதிர்வீச்சுத் திட்டமிடுவதற்கும் அது நல்ல கருவி. ஆனால் கண் ஓயாமல் அசையும் உறுப்பு; ஒன்றிரண்டு மி.மீ. உயரமுள்ள திட்டில், சாதாரண எம்.ஆர்.ஐ. தரும் தெளிவு ஓசிடிக்குப் பக்கத்தில்கூட வராது. பெட் ஸ்கேனும் இந்த அளவுக் கட்டிகளைப் பெரும்பாலும் தவறவிடும். எது விலை கூடியதோ அதுவே கூர்மையானது என்று நினைப்பது இங்கே பொருந்தாது.

பயாப்சியை மருத்துவர்கள் தயங்கித் தயங்கியே செய்கிறார்கள். மெல்லிய ஊசியை விழிக்குள் செலுத்தி, ஓர் அரிசிமணியின் தடிமன்கூட எட்டாத திட்டிலிருந்து செல்களை எடுக்க வேண்டும். போதிய செல்கள் வராமல் போகலாம், கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், விழித்திரை கிழியலாம். சதைச் சான்று இல்லாமலேயே, படங்களை மட்டும் நம்பிப் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கும் வழக்கம் கண்ணில் நிலைபெற்றிருக்கிறது. அதனால்தான் அந்தப் படங்கள் முழுமையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

சந்தேகம் இருந்தால் உடனே சிகிச்சை கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் உங்களுக்கு எழலாம். அதற்கு வலுவான நியாயமும் உண்டு. வில்ஸ் மருத்துவமனை 8,033 கண்களை வைத்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, 10 ஆண்டுகளுக்குள் உடலின் பிற இடங்களுக்குப் பரவும் வாய்ப்பு 3 மி.மீ. வரையிலான கட்டியில் 12 சதவீதம், 3-க்கு மேல் 8 மி.மீ. வரை 26, அதற்கும் மேலே 49. பரவினால் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகும்; அதன் பிறகு குணப்படுத்துவது மிக அரிது. ஆகவே சிறியதாக இருக்கும்போதே பிடிப்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு. மறுபக்கம், வழக்கமான சிகிச்சை என்பது கதிரியக்கத் தகட்டைக் கண்ணின் சுவரில் சில நாள் தைத்து வைப்பது. பாபா அணு ஆராய்ச்சி மையம் ருத்தேனியம்-106 தகட்டை உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகு நம் நாட்டில் அது முன்பைவிட எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் கதிர்வீச்சு நல்ல விழித்திரையையும் மெல்ல மெல்லச் சிதைக்கும். திட்டு பார்வை மையத்துக்கோ நரம்புக்கோ அருகில் இருந்தால், சில ஆண்டுகளில் அந்தக் கண்ணின் கூர்பார்வை போய்விடக்கூடும். வாழ்நாள் முழுதும் மச்சமாகவே இருந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு அந்த விலையைக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோயால் விழித்திரை நலிந்திருந்தால் அந்தச் சிதைவு இன்னும் கூடுதலாக இருக்கும் என்பதையும் உங்கள் அம்மாவின் நிலையில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே அடையாளங்கள் குறைவாக இருந்தால், மருத்துவர் பெரும்பாலும் காத்திருந்து கவனிக்கலாம் என்பார்: முதலில் 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை, மாற்றமில்லை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை. அலட்சியத்தால் அப்படிச் சொல்வதாக எண்ண வேண்டாம். இன்று எடுக்கும் நான்கு படங்களின் முழுப் பயனும் அப்போதுதான் கிடைக்கிறது. வளர்ச்சி என்பது இரண்டு தேதிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. முதல் தேதியின் படம் இல்லையென்றால் இரண்டாவது எதையும் சொல்லாது. இன்றைய ஓசிடி கருவிகளில் சில, முதல் முறை எடுத்த அதே கோட்டை இரத்தக்குழாய்களின் அமைப்பை வைத்துத் தாமாகவே அடையாளம் கண்டு, அடுத்த முறையும் அங்கேயே எடுக்கின்றன. அதனால் மைக்ரான் கணக்கில் ஒப்பிட முடிகிறது. மிக மெதுவான வளர்ச்சி மட்டும் இருந்தால் அதுவும் உடனே புற்றுநோய் ஆகிவிடாது. சராசரியாக 15 ஆண்டுகள் கவனிக்கப்பட்ட நீவஸ்களில் 31 சதவீதம், மெலனோமாவாக மாறாமலேயே சற்று அகன்றிருக்கின்றன. வேகம் ஆண்டுக்கு 0.1 மி.மீ.கூட இல்லை. ஓரிரு ஆண்டுகளுக்குள் அரை மி.மீ. வளர்வது வேறு வகை.

செய்ய வேண்டியவை என்று சொன்னால், நான்கு பரிசோதனைகளையும் முடிந்தவரை ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட தாளோடு நிற்காமல், மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் கேட்டு வாங்கி வையுங்கள். ஊரோ மருத்துவரோ மாறினாலும் அடுத்தவர் அவற்றைத் திறந்து பார்க்க முடியும். அடுத்த முறையும் இயன்றவரை அதே கருவியில் எடுங்கள். பி-ஸ்கேன் அறிக்கையில் உயரம், அகலம், உள் எதிரொலி ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஒரு கட்டி தெரிகிறது’ என்று மட்டும் இருந்தால் முழு அறிக்கையைக் கேட்பதில் தவறில்லை. மேலே சொன்ன ஆறில் இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்திருந்தால், பொதுக் கண் மருத்துவரோடு நிறுத்தாமல் கண் புற்றுநோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். இடையில் அம்மாவுக்கு அந்தக் கண்ணில் ஒளிக்கீற்றுகள் மின்னுவதாகத் தோன்றினாலோ, நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, பார்வையின் ஒரு பக்கம் நிழல் விழுந்ததுபோல் இருந்தாலோ, குறித்துக் கொடுத்த நாள்வரை காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் காலண்டரைப் பார்க்கும் பழக்கத்தை வாரம் ஒருமுறை வைத்துக்கொள்ளச் சொன்னால், அந்த மாற்றம் ஒரு கண்ணில் மட்டும் வந்தாலும் அவருக்கே தெரிந்துவிடும்.